இரண்டாம் பதிப்பில் இருந்த ஏரி

‘நீர்வழி’ என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பை ஊருக்கெல்லாம் வாரிக் கொடுப்பது சிந்தாமணிதான் என்று ஆணையம் கண்டுபிடித்தபோது, அவள் தன் ஜெராக்ஸ் கடையில் யாருடைய ரேஷன் கார்டுக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள். கடை, விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் வேலங்குறிச்சியில், காத்தாயி ஏரியின் கரையில் இருக்கிறது. இருக்கிறது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஆணையத்தின் கருத்து வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆணையத்தின் முழுப்பெயர் ‘கட்டற்ற மென்பொருள் கட்டுப்பாட்டு ஆணையம், பெரம்பலூர் – அரியலூர் மண்டலம்’. ஆரம்பத்தில் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இப்போது யாரும் சிரிப்பதில்லை. பொதுவாக ஒரு ஆணையம் தான் எதற்காக உண்டானது என்பதை மறக்க ஐந்தாறு வருஷமாவது எடுத்துக்கொள்ளும். இந்த ஆணையம் அதைத் திறப்பு விழாவுக்குள்ளேயே முடித்துவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீர்வழியைச் செய்தவள் ஆர்த்தி. அதே ஊர்ப் பெண். பொறியியல் கல்லூரியில் படித்தபோது, இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவில் கிடைத்த ஒரு நிலவரைபடத்தை எடுத்து, அதன்மேல் தன் ஊர் ஏரியையும் மதகையும் வாய்க்காலையும் கிணறுகளையும் ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். நெட் வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கொடுத்த உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாது என்று உரிமத்தில் எழுதியும் வைத்தாள். பிறகு வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டாள். கேட்பாரற்றுக் கிடந்த மென்பொருளை ஆணையம் தத்தெடுத்துக்கொண்டது.

மூன்றாம் பதிப்புக்கு நெட் வேண்டியிருந்தது. நான்காம் பதிப்பு செல்போன் நம்பர் கேட்டது. ஐந்தாம் பதிப்பில் காத்தாயி ஏரி இருந்த இடத்தில் ‘தரிசு’ என்று வந்தது. ஏரிக்கு அடியில் நல்ல சுண்ணாம்புக்கல் இருப்பதாக அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது என்று, யாரும் கேட்பதற்கு முன்பே, ஆணையம் அறிக்கை வெளியிட்டது.

சுரங்கத்துக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் அரியலூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். அங்கே ஏரியைப் படத்தில் காட்டினால்தான் ஏரி நிற்கும். ஏரி நின்றால்தான் கரைக்குக் கீழே இருக்கும் வயல்கள் நிற்கும். சிந்தாமணிக்கும் அதில் ஒரு துண்டு நெல் வயல் உண்டு. நெட்டில் ஓடிய மூன்றும் நான்கும் தாமாகவே ஐந்தாக மாறிவிட்டதால், ஏரி உள்ள படம் இரண்டாம் பதிப்பில்தான் இருந்தது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். தான் செய்வது குற்றம் என்று அவளுக்குத் தெரியாது. ‘இலவசம்’ என்று எழுதியிருந்ததை அவள் அப்படியே நம்பிவிட்டாள், பாவம்.

விசாரிக்க வந்தவர் மணிமாறன், ஆணையத்தின் பதிப்பொழுங்கு அலுவலர். குரும்பலூர்க்காரர். நல்ல மனிதர் என்று பெயர். குரலை உயர்த்தவே மாட்டார். வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, கையிலிருந்த டேப்லெட்டில் ஐந்தாம் பதிப்பைத் திறந்து, அது காட்டிய தரிசு நிலத்தின் குறுக்கே நேராக நடக்க ஆரம்பித்தார்.

“சார், தண்ணி சார்! அந்தப் பக்கம் போவாதீங்க, மதகுகிட்ட ஆழம்!” என்று கரையிலிருந்து கத்தினாள் சிந்தாமணி.

மணிமாறன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார். டேப்லெட்டைப் பார்த்தார்.

“இது தரிசும்மா. நான் தரிசுலதான் நிக்கிறேன்.”

“பேன்ட் நனையுதுங்களே சார்.”

அவர் குனிந்து பார்த்தார். நேர்மையான மனிதர். “நனையுது. நான் மறுக்கல. ஆனா இது ரெண்டாம் பதிப்புத் தண்ணி. அஞ்சாம் பதிப்பு வந்து எத்தனை மாசம் ஆச்சு? பழைய பதிப்புல இருந்த தண்ணிய நீங்க இன்னும் புழக்கத்துல வச்சிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியல.”

பக்கத்தில் ஒரு கொக்கு நின்றது. அவர் அதையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, கீழே ‘தரிசு, நேரில் பார்வையிடப்பட்டது’ என்று பதிவு செய்தார். கரையேறி, ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தான் வறண்ட நிலத்தைப் பார்வையிட்டதற்குச் சாட்சியாக அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் காலிலிருந்து வடிந்த தண்ணீரில் காகிதத்தின் ஓரம் நனைந்தது. அவள் போட்டாள்.

அடுத்த வாரம் பெரம்பலூருக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

ஆணையத்தின் வரவேற்பறையில் ஏற்கெனவே பலர் உட்கார்ந்திருந்தார்கள். அரும்பாவூரிலிருந்து வந்த ஒருவர் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். புதியதில் ‘ழ’ வரவில்லை என்பதால் கொடுத்ததாகச் சொன்னார். பேர் கூப்பிட்டதும் உள்ளே போனார். அவர் திரும்பி வரவில்லை. சிந்தாமணி வாசல் காவலரிடம் விசாரித்தாள். வெளியே போகும் வழி பின்பக்கம் என்றார் அவர். பின்பக்கம் எங்கே என்று கேட்டதற்கு, தான் அங்கே போனதில்லை என்றார்.

மணிமாறன் அவளை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

“நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்லம்மா. இது இலவசம். யாரு வேணும்னாலும் எடுக்கலாம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். அந்த உரிமையக் காப்பாத்தத்தான் நாங்க இருக்கோம். எல்லாரும் எடுத்து எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சுட்டா அந்த உரிமை என்னத்துக்கு ஆகும்? தேஞ்சு போயிடும். அதனால யாரும் எடுக்காம பாத்துக்கறோம்.”

“அப்ப குடுக்கலாமா, குடுக்கக் கூடாதுங்களா சார்?”

“குடுக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு முழுசா இருக்கு. நீங்க அத உபயோகப்படுத்தாத வரைக்கும் பத்திரமா இருக்கும்.”

சிந்தாமணி டீயைக் குடித்தாள். ஆறியிருந்தது.

“புதுப் பதிப்புக்குக் காப்பிரைட் ஆணையத்தோடது. சிக்கல் இல்ல. பழைய பதிப்புக்கு அப்ப யாரெல்லாம் உரிமையாளரோ, அத்தனை பேரோட சம்மதமும் வேணும். கொண்டாந்துட்டீங்கன்னா நானே உங்களுக்கு அனுமதி போட்டுத் தரேன்.”

“அதுலயே எல்லாரும் சம்மதம்னு எழுதியிருக்குன்னு ஆர்த்தி சொல்லுச்சுங்களே.”

“அது அப்பக் குடுத்த சம்மதம். அதுவும் பழைய பதிப்புதானம்மா.”

உரிமையாளர்களின் பெயர் உள்ள பக்கத்தை அவர் திறந்தார். இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகையில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் எங்களுக்குள் உறவு முறிந்துவிடும். சிந்தாமணியின் காதுகுத்துப் பத்திரிகையில் பெயர் இல்லாத சித்தப்பா ஒருவர் இன்றைக்கும் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. ஆகவே, ‘இங்க வாய்க்கால் வளையுது’, ‘அங்க புளியமரம் இருக்கு’ என்று ஒரு திருத்தம் சொன்னவரைக்கூட ஆர்த்தி விடவில்லை. பெரியப்பாமார், மாமன்மார், அத்தைமார் என்று வகைப்படுத்தி, வீட்டு அடையாளத்தோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரியே அடித்து வைத்திருந்தாள். காப்பிரைட் பக்கம் இப்படி இருப்பது உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மணிமாறன் விரலை வைத்து வாசித்தார். “முதல் உரிமையாளர்... ஸ்ரீ காத்தாயி அம்மன் துணை. ஊரு?”

“ஏரிக்கரைதாங்க. சார், அது சாமிங்க.”

“சாமியும் சட்டப்படி ஒரு நபர்தான்மா. சொத்து வச்சிக்கலாம், கேஸ் போடலாம். மென்பொருள் எழுதக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.” அவர் எழுதிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார். “‘மற்றும் சுற்றமும் நட்பும்.’ இவங்க எத்தனை பேரு?”

“அதெப்படிங்க சொல்றது?”

“பரவால்ல. ஒவ்வொருத்தரா கூட்டியாங்க.”

அவர் கேலி செய்யவில்லை. ஆணையத்தில் கேலிக்கு இடமில்லை.

சிந்தாமணி அலைந்தாள். கடையைப் பாதி நேரம் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனாள். ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம் என்று சொன்ன இருசம்மாள் காலமாகிவிட்டிருந்தார். அதற்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு மனு எழுதிக்கொடுக்கிறவர், இறந்துபோன அம்மாள் விட்டுப்போன சொத்து என்ன என்று கேட்டார். “கலிங்கு வடக்கால இருக்குன்னு சொன்னாங்க” என்றாள் சிந்தாமணி. அந்தச் சொத்தில் தனக்குத்தான் பெரிய பங்கு என்று இருசம்மாளின் மூத்த மகன் கிளம்பினான். இளையவன் தடை மனு போட்டான். அதுவரை அண்ணன் தம்பி ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஆர்த்திக்குப் போன் செய்தாள்.

“அக்கா, இந்தக் கம்பெனில சேர்றப்ப ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. நான் யோசிக்கிறதெல்லாம் அவங்களோடதுன்னு. அதுக்கு முன்னாடி யோசிச்சதும் சேத்தியான்னு கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள் ஆர்த்தி. குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் பதில் ஆர்த்தியிடமிருந்து வரவில்லை, கம்பெனியிலிருந்து வந்தது. தங்கள் ஊழியருக்கு இங்கே சேர்வதற்கு முந்தைய காலம் எதுவும் கிடையாது என்று அவர்கள் உறுதி அளித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆர்த்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை.

சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டவர் லப்பைக்குடிகாட்டுக் காதர் பாட்சா ஒருவர்தான். சவுதியில் நில அளவைக் கம்பெனியில் டிரைவராக இருந்தவர். ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரையைச் சுற்றி நடந்து ஆர்த்திக்கு அளந்து கொடுத்திருந்தார்.

“இதுக்கு எதுக்கும்மா சம்மதம்? குடுங்கன்னுதானே எழுதி வச்சிருக்கு. அடுத்தவனுக்குத் தண்ணி இருக்கிற எடத்தக் காட்டறதுல என்ன ஹராம் வந்துடப் போவுது?” என்று சொல்லி, தெருப் பெயர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் தெளிவாக எழுதினார்.

“இம்புட்டும் கேக்கறாங்களா பாய்?”

“கேட்டா குடுத்துட்டுப் போறது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அல்லா பாத்துக்குவான், போயிட்டு வாம்மா.” அவர் மனைவி ஜரீனா வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சேர்ந்த சம்மதங்களை அவ்வப்போது பெரம்பலூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. காதர் பாட்சாவுடையதைக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஜரீனா போன் செய்தார்.

“சிந்தாமணி, கேஸ் சிலிண்டர்காரன் தெருமுனை வரைக்கும் வந்துட்டு, இங்க தெருவே இல்லன்னு போனப் பாத்துக்கிட்டே திரும்பிப் போறான்மா. நாங்க வாசல்ல நின்னு கையாட்டறோம், ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கறான்.”

சிந்தாமணி ஆறாம் பதிப்பைத் திறந்து பார்த்தாள். லப்பைக்குடிகாட்டில் அந்தத் தெரு இருந்த இடத்தில் ‘மணல்’ என்று போட்டிருந்தது. பிறகு தன் ஊரைத் தேடினாள். கையெழுத்துப் போட்டவர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போயிருந்தது. போடாதவர்கள் வீடு மட்டும் அங்கங்கே மிச்சம் இருந்தது. இதை யாரிடமும் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் பயமாக இருந்தது. காதர் பாட்சாவுக்குப் போன் செய்து அழுதாள்.

“நீ என்னம்மா செய்வ. கூட்டம் வரைக்கும் போய்ப் பாத்துடு. ஏரியாவது மிஞ்சட்டும்” என்றார் அவர்.

ஏரிக்காக இருசம்மாளின் மகன்களும் சுற்றமும் நட்பும்கூடக் கையெழுத்துப் போட்டார்கள், ஆர்த்திக்குக் கம்பெனிக் கடிதமே போதும் என்றது ஆணையம். மிச்சம் இருந்தது அம்மன்தான். காத்தாயி அம்மனிடம் ஒரு காரியத்துக்கு உத்தரவு கேட்பது என்றால் பூக்கட்டிக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து, சந்நிதியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். மணிமாறன் நேரில் வந்தார். உரிமையாளருக்கு விஷயம் தெரியாமல் சம்மதம் வாங்குவது செல்லாது என்பதால், கருவறைக்கு முன்னால் நின்று, “மேற்படி மென்பொருளின் முதல் உரிமையாளராகிய தாங்கள்” என்று தொடங்கி நோட்டீஸ் முழுவதையும் அம்மனுக்கு வாசித்துக் காட்டினார். ஊர் சனம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. அம்மனும் கேட்டாள்.

“எடுங்க சார்” என்றார் பூசாரி கிருஷ்ணம்மாள்.

நடுநிலையான ஆள் என்று மணிமாறனே எடுத்தார். வெள்ளை வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கைநாட்டு வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, கிருஷ்ணம்மாள் அம்மன் பாதத்துக் குங்குமத்தைத் தொட்டு இரண்டு பிரதியிலும் அழுத்திக் கொடுத்தார். சிந்தாமணி இரண்டாம் பதிப்பை ஏற்றி அங்கே வைத்திருந்த பென்டிரைவையும் அவரே எடுத்து, வேண்டுதல் முடிச்சு மாதிரி மஞ்சள் துணியில் கட்டி, சூலத்தில் தொங்கவிட்டார். மணிமாறன் அதைக் கவனிக்கவில்லை. குங்குமம் காயக் காத்திருந்தார்.

கடைசிச் சம்மதத்தையும் சேர்த்து, பெரம்பலூரில் எல்லாம் சரிபார்க்கப்பட்ட அன்றைக்கு மணிமாறன் சிந்தாமணியை மனதாரப் பாராட்டினார்.

“இவ்வளவு ஒழுங்கா இதுவரைக்கும் யாரும் கொண்டாந்தது இல்லம்மா. ஆணையத்துக்கே பெருமை. ஒரே ஒரு குறை. இந்த உரிமையாளர்கள் குடுத்த முகவரி எதுவும் ஆறாம் பதிப்புல இல்ல.”

“நீங்கதானே சார் எடுத்தீங்க!”

“நான் எடுக்கலம்மா. பதிப்பு எடுத்துச்சு. முகவரி இல்லாத உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாதவங்க உரிமை ஆணையத்துக்கு வந்துடும். அனாதையா விட மனசு வராது பாருங்க. ஆக, ரெண்டாம் பதிப்பு இன்னியிலேர்ந்து நம்மளோடது. அத யாருக்கும் குடுக்கறதில்லைன்னு ஆணையம் முடிவு பண்ணியிருக்கு.”

“நான் இங்கதானே சார் நிக்கிறேன். என் பேரும் அதுல இருக்கு. என்னைக் கண்டுபிடிச்சுட்டீங்கள்ல?”

மணிமாறன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க நிக்கிறீங்க. ஒரு மனுஷனா நான் அத ஒத்துக்கறேன்” என்றார்.

அவளைப் பின்பக்க வழியாக அனுப்பினார்கள். அங்கே பூட்டிய கதவுகளாக ஒரு நீண்ட நடை இருந்தது. நடந்து நடந்து வெளியே வந்தபோது, தன் ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் கடைக் கம்ப்யூட்டரை ஆணையத்து ஆட்கள் எடுத்துப் போயிருந்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேலங்குறிச்சி சனம் வேன் பிடித்துப் போனது. வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் ஊரையும் டேப்லெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, “இந்த ஊர் வரலீங்களே” என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள். பாதிக்கப்படும் ஊர்க்காரர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். ஊரே இல்லாதவர்கள் எப்படிப் பாதிக்கப்படுவார்கள்? காலி நாற்காலிகளைப் பார்த்து, மேடையிலிருந்தவர் மைக்கில், “ஆட்சேபம் இருக்கறவங்க எழுந்து நிக்கலாம்” என்றார். நாற்காலிகள் நிற்கவில்லை. ‘ஆட்சேபம் இல்லை’ என்று பதிவானது. வெளியே சனம் தொண்டை கிழியக் கத்தியது ‘சாலையில் போக்குவரத்துச் சத்தம்’ என்று பதிவானது. நன்றியுரைக்குப் பிறகு கேசரி கொடுத்தார்கள். நிறைய மிஞ்சிவிட்டது.

பிறகு கரையை உடைத்தார்கள். தண்ணீர் வயல்களின் மேல் ஓடி, நெல்லைச் சாய்த்துக்கொண்டு போனது. கெளுத்தி மீனும் குரவை மீனும் சேற்றில் துடித்தன. அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள், யாரும் அள்ளவில்லை. சிந்தாமணி தன் வயல் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இந்த இடத்தில் வேடிக்கையாக எழுத எனக்கும் வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஏரி மண்ணில் லாரிகள் இறங்கின. தினமும் சாயங்காலம் சங்கு ஊதி, வெடி வைத்தார்கள். கடைச் சுவரில் விரிசல் விழுந்தது. தரிசில் வெடி வைப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஆணையம் சொன்னது.

ஏழாம் பதிப்பு வந்த மறுநாள், வெடிக்கு முந்தைய நேரத்தில், மணிமாறன் கடைக்கு வந்தார். கார் இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“உக்காருங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் சிந்தாமணி.

“குரும்பலூர்ல எங்க வூட்டக் காணோம்மா” என்றார் அவர். “ஏழாம் பதிப்புல எங்க தெருவே இல்ல. உள்ள எங்கம்மா இருக்காங்க. ஆள் இல்லாத எடத்துக்கு எதுக்குக் கரண்டுன்னு புடுங்கிட்டாங்க. ஆணையத்துல ஆட்சேபம் எழுதிக் குடுத்தேன். முகவரி கேட்டாங்க. யாரு எடுத்ததுன்னு கேட்டேன். பதிப்பு எடுத்துச்சுன்னாங்க.”

சிந்தாமணி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

“ரெண்டாம் பதிப்புல எங்க வூடு இருக்கும். எங்கயாவது ஒரு பிரதி வச்சிருக்கீங்களா? வெளிய சொல்ல மாட்டேன்.”

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், நாலு வார்த்தை சேர்த்தும் சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளே ஒரு வயதான அம்மாள் இருட்டில் உட்கார்ந்திருப்பது அவள் மனதில் பட்டுவிட்டது. கோயிலுக்குப் போய் மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். காதர் பாட்சா கொடுத்திருந்த பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினாள். குரும்பலூர் வந்தது. தெரு வந்தது. வீடு வந்தது.

மணிமாறன் திரையைத் தொட்டார். “இதான். இதேதான். ஓட்டு வூடு... கிணறு மட்டும் மேற்கால போட்டிருக்கு. எங்க கிணறு கிழக்காலம்மா, முருங்கை மரத்துக்கிட்ட.”

“மாத்திடறேன் சார்” என்று அவள் கிணற்றைக் கிழக்கே நகர்த்தினாள். படத்தைப் பிரிண்ட் எடுத்து, இன்னொரு பென்டிரைவில் பிரதியும் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. மணிமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“என்னங்க சார் எழுதறீங்க?”

“விநியோகம் நடந்திருக்கும்மா. நான் கண்ணால பாத்தேன்.”

“உங்களுக்குத்தானே சார் குடுத்தேன்!”

“அதனாலதான். வாங்கினவரே சாட்சியா கிடைக்கிறது லேசுல அமையாது. இத நல்லபடியா முடிச்சா என் விஷயத்தையும் கொஞ்சம் பாப்பாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் எழுதினார். சிந்தாமணி லேப்டாப்பின் பக்கம் திரும்பி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

“நீங்க என்னம்மா அடிக்கிறீங்க?” என்றார் மணிமாறன்.

“உங்க பேருங்க. கிணறு திருத்தம் சொன்னீங்கள்ல. திருத்தம் சொன்னவங்க பேர விட்டுட்டா நல்லா இருக்காது. மாமன்மார்ல சேத்திருக்கேன், காதர் பாய்க்குக் கீழ. குரும்பலூர், ஓட்டு வூடு, முருங்கை மரம்னு அடையாளமும் போட்டுட்டேன். உங்க பிரதியிலயும் ஏத்திடறேன், குடுங்க சார்.”

பேனா நின்றது. அந்தப் பக்கத்தில் பெயர் இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. மணிமாறனின் கை சட்டைப் பையை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

“எடுத்துடும்மா” என்றார். அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். “பெரம்பலூர்ல எனக்குக் குடுத்த குவார்ட்டர்ஸ் இன்னும் படத்துல இருக்கு. அதுவாவது இருக்கட்டும். எடுத்துடு.”

“போட்ட பேர எடுக்கணும்னா மத்தவங்க அத்தனை பேரோட சம்மதமும் வேணுமேங்க” என்றாள் சிந்தாமணி. அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி அதுதான், அதை அவள் நம்பினாள். “இருசம்மா பெரிய மவன் லேசுல ஒத்துக்க மாட்டாரு. ஆர்த்தி போன எடுக்கறதில்ல. எதுக்கும் மொதல்ல அம்மன்கிட்ட பூக்கட்டிக் கேட்டுடலாம் சார்.”

ஏரிப் பக்கம் சங்கு ஊதியது. வெடித்தது. கண்ணாடி அதிர்ந்து, சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு நோட்டீஸ் புத்தகத்தின் மேல் விழுந்தது. சிந்தாமணி அதைத் தன் கையால் தட்டிவிட்டு, மறுபடியும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

“இனிஷியல் சொல்லுங்க சார்” என்றாள்.